இன்செயின் விளையாட்டு மைதானத்தில் இறங்கிய விமானம்

இன்றையது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படித்தால் போதும்.

1930-ஆம் ஆண்டு மே 5 என்ற தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், தண்டிக்குப் பக்கத்தில் இருந்த கராடி என்ற ஊரில் ஓலைக் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்த காந்தியடிகளைப் போலீசார் எழுப்பிக் கைது செய்தார்கள். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். அதே நாள் காலையில் லண்டனுக்குத் தெற்கே குரோய்டன் விமானத் திடலில் இருந்து 26 வயதுப் பெண் ஒருவர் தன்னந்தனியாக ஒரு சிறிய விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். அதே நாள் இரவு பர்மாவில் பெகு நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. அங்கிருந்த ஷ்வேமோடோ என்ற பெரிய பகோடா இடிந்து விழுந்தது. ரங்கூனிலும் கட்டடங்கள் சரிந்து உயிர்கள் போயின.

ஒரே நாளில் நடந்த இந்த மூன்று நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. ஆனால் எட்டு நாள் கழித்து அந்தப் பெண், அந்த நிலநடுக்கம் உலுக்கிய ரங்கூனுக்குப் பக்கத்தில், ஒரு கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் மழைக்கு நடுவே வந்து இறங்கினார். அங்கே நடந்ததுதான் இந்தப் பதிவு.

அந்தப் பெண்ணின் பெயர் ஏமி ஜான்சன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹல் என்ற துறைமுக ஊர்க்காரர். அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. பணக்கார வீட்டுப் பெண் பொழுதுபோக்குக்குப் பறந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, வடக்கு லண்டனில் ஸ்டேக் லேன் என்ற புல்திடலில் இருந்த பறக்கும் கழகத்தில் சேர்ந்தார். தனியாகப் பறக்க அனுமதி கிடைக்கவே மற்றவர்களைவிட அவருக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. 1929-இல் தனியார் விமானி உரிமம் கிடைத்தது. 'ஏ' லைசென்ஸ் என்று அதைச் சொல்வார்கள். சொந்தமாகப் பறக்கலாம், கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது.

அதோடு நிற்கவில்லை. கழகத்தின் விமானக் கொட்டகையில் மெக்கானிக்குகளோடு மெக்கானிக்காக ஓவரால் மாட்டிக்கொண்டு எஞ்சினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் தரைப் பொறியாளர் உரிமத்தையும் வாங்கினார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். என் பார்வையில் அவர் வாங்கிய இரண்டு உரிமங்களில் இதுதான் பெரியது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

விமானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டி ஹாவிலாண்ட் கம்பெனியின் ஜிப்சி மாத். பழைய விமானம்தான். விலை சுமார் 600 பவுண்டு. அதை அப்பாவும், எண்ணெய் வணிகர் வேக்ஃபீல்டு பிரபுவும் பகிர்ந்து கொடுத்தார்கள். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. உடல் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும். இறக்கைகள் மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. அந்தத் துணியின் மேல் 'டோப்' என்ற ஒரு பூச்சு பூசுவார்கள். அது காயும்போது துணியை இறுக்கி, மிருதங்கத் தோல் மாதிரி விறைப்பாக்கும். தண்ணீரும் காற்றும் உள்ளே புகாது. எஞ்சின் 100 குதிரைத் திறன். இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் பலவற்றுக்கு அதே அளவு திறன் உண்டு. உட்காரும் இடத்துக்கு மேல் கூரை இல்லை. ரேடியோ இல்லை. முன் இருக்கையை எடுத்துவிட்டு அங்கே கூடுதல் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். அதிலிருந்து பெட்ரோலைப் பறந்துகொண்டே கைப்பம்பால் அடித்து மேலே ஏற்ற வேண்டும். பெட்ரோல் நெடியில் தலை சுற்றும். பச்சை வண்ணம் பூசி, அப்பாவின் மீன் வியாபார முத்திரையில் இருந்த 'ஜேசன்' என்ற பெயரை அதற்கு வைத்தார்.

இந்த வண்டியில் 11,000 மைல். அதற்கு முன்பு அவர் பறந்த மிக நீண்ட பயணம் லண்டனுக்கும் ஹல்லுக்கும் நடுவில்தான். நம் கணக்கில் சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு.

எதற்காக இந்த அவசரம்? 1928-இல் பெர்ட் ஹிங்க்ளர் என்ற ஆஸ்திரேலியர் இதே பாதையில் தனியாகப் பறந்து பதினைந்தரை நாளில் டார்வின் போய்ச் சேர்ந்திருந்தார். அந்தச் சாதனையை முறியடிக்க வேண்டும் என்பதுதான் ஏமியின் இலக்கு. பணமும் அதில்தான் இருந்தது. சாதனை இல்லாமல் திரும்பினால் மறுபடி ஒரு தட்டச்சு மேசைதான்.

இங்கே விமானத் திடல்களைப் பற்றி ஒரு சிறு விளக்கம். இன்றைக்கு விமான நிலையம் என்றால் நீண்ட சிமெண்டு ஓடுபாதை நம் கண்ணில் வருகிறது. 1930-இல் உலகத்தில் பெரும்பாலான விமானத் திடல்கள் வெறும் புல்வெளிகள். குரோய்டனே புல்திடல்தான். நடுவில் சுண்ணாம்பில் போட்ட வெள்ளை வட்டம், ஓரத்தில் காற்றடிக்கும் திசையைக் காட்டும் துணிப்பை, ஒரு கொட்டகை, பெட்ரோல் டின்கள். அவ்வளவுதான். லேசான விமானங்கள் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும், காற்றை எதிர்த்தே ஏற வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் புரண்டுவிடும். எனவே ஒரே திசையில் ஓடுபாதை போடுவதைவிட, எந்தப் பக்கமும் ஓடலாம் என்கிற திறந்த புல்வெளி அவற்றுக்கு ஏற்றது. இன்னொரு காரணமும் உண்டு. ஏமியின் விமானத்தில் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. வால் பக்கம் ஒரு முளை தரையில் உரசிக்கொண்டே வரும். புல்லும் மண்ணும் அதைப் பிடித்து இழுப்பதால்தான் விமானம் நிற்கும். நனைந்த புல்லில் அந்தப் பிடி இருக்காது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு நாள் அவர் பறந்த பறப்பு நம்ப முடியாதது. வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ. பாக்தாத்தை நெருங்கும்போது மணற்புயல் பிடித்துக் கீழே தள்ளியது. பாலைவனத்தில் குத்துமதிப்பாக இறங்கி, விமானம் காற்றில் உருளாமல் இருக்கப் பெட்டிகளைச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்து, கையில் துப்பாக்கியோடு புயல் ஓயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பாக்தாத், பந்தர் அப்பாஸ், கராச்சி. ஒவ்வொரு இரவும் இறங்கியபின் எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, பிளக்குகளைச் சுத்தம் செய்து, பெட்ரோலை வடிகட்டி ஊற்றுவதும் அவரேதான். தூக்கம் மூன்று மணி நேரம். மே 10 அன்று கராச்சியில் இறங்கியபோது ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார். அதுவரை யாரும் கண்டுகொள்ளாத பெண்ணின் பெயர் மறுநாள் உலகப் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது.

கராச்சி என்றதும் ஒரு கிளைக் கதை. அந்த மே மாதம் கராச்சி வானம் மிகவும் பரபரப்பாக இருந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். கராச்சியிலிருந்து லண்டனை நோக்கி ஜே.ஆர்.டி. டாடா. லண்டனிலிருந்து கராச்சியை நோக்கி 17 வயது ஆஸ்பி எஞ்சினியர். இருவரும் பறந்தது ஏமியைப் போலவே ஜிப்சி மாத்தில். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பி அங்கே ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். டாடா தன்னிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிய ஆஸ்பி மே 11 அன்று, அதாவது ஏமி வந்த மறுநாள், கராச்சியில் இறங்கிப் பரிசையும் தட்டிக்கொண்டு போனார். பின்னாளில் அவர் நம் விமானப்படைத் தளபதி ஆனார். டாடா தொடங்கிய கம்பெனி ஏர் இந்தியா ஆனது. போட்டியாளனுக்குப் பிளக் கொடுத்துத் தோற்றவர் என்று டாடாவைப் பற்றி நான் வகுப்பில் சொல்லும்போது, கடைசி பெஞ்சிலிருந்து "அப்ப அவருக்கு நஷ்டம்தானே சார்?" என்று ஒருவன் கேட்டான். இன்றைக்கு அவன் வங்கி மேலாளர்!

கதைக்கு வருவோம். கராச்சியிலிருந்து அலகாபாத் போக வேண்டும். எதிர்க்காற்றில் பெட்ரோல் தீரப் பார்த்தது. ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானம் ஒன்று கண்ணில் பட, அங்கே இறங்கினார். சிப்பாய்கள் சிதறி ஓட, விமானம் கட்டடங்களுக்கு நடுவே ஓடி முட்டி நின்றது. இறக்கை கிழிந்தது. உள்ளூர்த் தச்சர் ஒருவர் அதைச் சரிசெய்து கொடுத்தார். மறுநாள் கல்கத்தா.

அந்த நாட்களில் கீழே இந்தியா எப்படி இருந்தது என்பதையும் பாருங்கள். வேதாரண்யத்தில் உப்பு எடுத்த ராஜாஜி ஏப்ரல் 30 முதல் சிறையில். சோலாப்பூரில் மே 12 அன்று ராணுவச் சட்டம். தராசனா உப்பளத்தில் தொண்டர்களின் மண்டை உடையப்போவது மே 21 அன்று. ஏமி மேலிருந்து பார்த்திருக்கக்கூடியது வெயிலில் காய்ந்த வயல்களும் ஆறுகளும் ரயில் பாதைகளும் மட்டுமே. அவர் இறங்கிய இடமெல்லாம் கண்டோன்மெண்டும் கிளப்பும் துரைமார் வீட்டு விருந்தும். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போகும் ஒரு தனியார் விமானி வழியில் பல இடங்களில் 'நம்முடைய' திடல்களிலேயே இறங்கிப் போகலாம் என்ற நிலைமைக்குப் பெயர்தான் பேரரசு. பர்மாவும் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அது தனியாகப் பிரிந்தது 1937-இல்.

மே 13. கல்கத்தாவிலிருந்து ரங்கூன். ரங்கூனில் அவருக்காகக் குறித்திருந்த இடம் குதிரைப் பந்தய மைதானம். பருவமழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. திறந்த விமானத்தில் மழை ஊசி மாதிரி முகத்தில் குத்தும், கண்ணாடி மங்கும், வரைபடம் நனைந்து கூழாகும். தாழப் பறந்தால்தான் தரை தெரியும். தாழப் பறந்தால் மலையில் மோதும் ஆபத்து. எப்படியோ அரக்கான் மலைத்தொடரைத் தாண்டி ரங்கூன் பக்கம் வந்துவிட்டார். பந்தய மைதானம் மட்டும் கண்ணில் படவில்லை. இருட்டப்போகிறது, பெட்ரோலும் குறைகிறது. மழைத்திரைக்கு நடுவில் பச்சையாக ஒரு திறந்தவெளி தெரிந்தது. அதுதான் என்று நினைத்து இறக்கினார்.

அது பந்தய மைதானம் இல்லை. ரங்கூனுக்கு வடக்கே பத்து மைல் போல் தள்ளியிருந்த இன்செயின் என்ற ஊரில், அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானம். பெரிய விமானி என்றாலும் ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தில் ஜிப்சி மாத்தை நிறுத்துவது கஷ்டம். அதுவும் நனைந்த புல். விமானம் தரை தொட்டது, ஓடியது, கோல் கம்பங்களைக் கடந்தது, மைதானத்தின் கோடியில் இருந்த பள்ளத்தில் மூக்குக் குப்புற இறங்கியது. புரொப்பெல்லர் உடைந்தது. இறக்கை முறிந்து துணி நார்நாராகக் கிழிந்தது. சக்கரத் தண்டும் போயிற்று.

அவருக்குக் காயம் இல்லை. ஆனால் எட்டு நாளாகத் தூங்காத பெண், ஹிங்க்ளரைவிட முந்தியிருந்த பெண், மழையில் நனைந்துகொண்டு தன் விமானத்தைப் பள்ளத்தில் பார்க்கிறார். பக்கத்தில் டி ஹாவிலாண்ட் பட்டறை கிடையாது. உதிரி பாகம் லண்டனிலிருந்து கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பர்மா முழுவதும் இருந்த புல்வெளிகளில் அவர் எங்கே வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். நெல் வயலில், கோல்ஃப் மைதானத்தில், தேக்குக் காட்டில். விழுந்தது பட்டறையும் கடைசல் இயந்திரமும் உலைக்களமும் தச்சுக்கூடமும், அவற்றில் கை பழகிக்கொண்டிருந்த மாணவர்களும் இருந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் வாசலில்! இன்செயின் ஊரே ரயில்வே பட்டறை ஊர். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்த என் மாணவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். விமானத்தைப் பள்ளத்திலிருந்து தூக்கினார்கள். பிரித்தார்கள். முறிந்த சட்டத்துக்குப் பதில் புதுச்சட்டம் இழைத்தார்கள். வளைந்த இரும்பைப் பட்டறையில் நிமிர்த்தினார்கள். அவர்களில் விமானப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. ஆனால் மரமும் இரும்பும் எல்லா ஊரிலும் மரமும் இரும்பும்தானே. புரொப்பெல்லருக்கு வழி இருந்தது. ஏமி முன்யோசனையாக உபரி ஒன்றை விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

துணிதான் சிக்கல். இறக்கைக்கான லினன் துணிக்கு இன்செயினில் எங்கே போவது? இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் விமான இறக்கைத் துணி மலைமலையாக மிஞ்சியது. அதை மலிவாக விற்றுத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் அதில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரிலும் இருந்தன. சட்டைகளைப் பிரித்துத் தைத்து இறக்கையில் போட்டார்கள். போர் விமானத்துக்காக நெய்த துணி, சட்டையாகப் பத்து வருடம் வாழ்ந்து, திரும்பவும் விமானத்தில் ஏறியது. துணியின் மேல் பூசும் டோப்பும் போதவில்லை. ஏறக்குறைய அதைப் போன்ற ஒரு கலவையை உள்ளூர் மருந்துக்கடைக்காரர் தயாரித்துக் கொடுத்தார்.

இந்த வேலை நடந்த விதத்தில்தான் அந்தத் தரைப் பொறியாளர் உரிமத்தின் மதிப்பு தெரிகிறது. பறக்க மட்டும் தெரிந்தவராக இருந்திருந்தால் ஏமி ஒரு விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்து தந்தி அடித்துக்கொண்டிருப்பார். இவர் பட்டறைக்குள் நின்றார். எந்தச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், எங்கே நூல் இடைவெளி கூடினாலும் ஆபத்து, எஞ்சினில் தண்ணீர் எங்கே புகுந்திருக்கும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாத ஊரில், தெரியாத மனிதர்களோடு, பட்டறைக்காரர்களின் பாஷையில் அவரால் பேச முடிந்தது. அவர்களாலும் அதைப் புரிந்துகொள்ள முடிந்தது.

'தனியாகப் பறந்த பெண்' என்று பத்திரிகைகள் எழுதின. வானத்தில் அது உண்மை. தரையில் அப்படி இல்லை. ஜான்சித் தச்சர், இன்செயின் மாணவர்கள், மருந்துக்கடைக்காரர் என்று வழிநெடுக ஆட்கள். தலைப்புச் செய்தியில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. பத்திரிகை வழக்கம் அது. ஏமியைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த மாணவர்களைப் பற்றி இன்னும் ஒன்று. எட்டு நாள் முன்புதான் நிலம் குலுங்கிப் பெகுவில் நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். ரங்கூனில் இடிந்த கட்டடங்களில் சிக்கியும் பலர் இறந்திருந்தார்கள். தங்கள் வீடு வாசல் என்ன ஆயிற்றோ என்ற கவலை இருந்த ஊரில்தான் அந்த விமானம் வந்து விழுந்தது.

நம் உறவினர்களில் ரங்கூன் என்ற சொல்லைக் கேட்டதும் பெருமூச்சு விடும் குடும்பங்கள் உண்டு. அப்போது ரங்கூனில் இருந்த சுமார் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். செட்டியார் கடைகள், தெலுங்குத் துறைமுகக் கூலிகள், தமிழ்க் கடைக்காரர்கள், வங்காள எழுத்தர்கள். ஏமி கிளம்பிப் போன பத்தாவது நாள், மே 26 அன்று, துறைமுக வேலைநிறுத்தத்தை ஒட்டி பர்மியருக்கும் இந்தியருக்கும் இடையே கலவரம் மூண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெலுங்குக் கூலிகள். ஆண்டு முடிவதற்குள் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. 1942-இல் ஜப்பான்காரர்கள் வந்தபோது லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியா திரும்பியதும், 1960-களில் மிச்சம் இருந்தவர்களும் வந்து சேர்ந்து சென்னையில் பர்மா பஜார் உருவானதும் உங்களுக்குத் தெரியும். அங்கே விற்கும் அத்தோவை ருசித்துச் சாப்பிடுகிறவர்கள் அந்த மே மாதத்தையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம். இன்செயின் என்ற பெயரும் பின்னாளில் அங்குள்ள வட்டவடிவச் சிறைச்சாலையால்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆங் சான் சூச்சி அடைக்கப்பட்ட சிறை.

மூன்று நாளில் வேலை முடிந்தது. மே 16 அன்று ஏமி ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிக் கிளம்பினார். மறுபடியும் மழை, மறுபடியும் மலை. சிங்கோரா, சிங்கப்பூர், அப்புறம் ஜாவா. அங்கே சோமல் என்ற ஊரில் ஒரு சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் இறங்கியபோது, தரையில் நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. இந்தத் தடவை காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிச் சமாளித்தார். தைமூரில் குறித்த திடல் தெரியாமல், ஆளுயரக் கரையான் புற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இறங்கி, ஹாலிலுலிக் என்ற கிராமத்தில் இரவு தங்கினார். தகவல் இல்லாததால் அவர் கடலில் விழுந்துவிட்டார் என்றே உலகம் பயந்தது.

கடைசி நாள் தைமூர் கடல். 500 மைல் தண்ணீர், ஒரே எஞ்சின். நடுவழியில் ஷெல் கம்பெனியின் எண்ணெய்க் கப்பல் ஒன்று கண்ணில் பட்டபோதுதான் வழி சரி என்று அவருக்கு நிம்மதி. மே 24 மாலை டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண்.

ஆனால் கணக்கு? மொத்தம் பத்தொன்பதரை நாள். ஹிங்க்ளரைவிட நான்கு நாள் அதிகம். இன்செயினில் மூன்று நாள் போயிற்று, மீதி ஜாவாவிலும் தைமூரிலும். கிளம்பியது எதற்காகவோ அது கிடைக்கவில்லை. கூட்டமும் பூமாலையும் மன்னரின் சி.பி.இ. விருதும் 'டெய்லி மெயில்' பத்திரிகை கொடுத்த 10,000 பவுண்டும் கிடைத்தன. அதிவேகச் சாதனை ஹிங்க்ளரிடமே இருந்தது. இன்றைக்கு ஹிங்க்ளர் பெயர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். வரலாறு இப்படியெல்லாம் வேடிக்கை பண்ணும்.

அடுத்த வாரமே பிரிஸ்பேனில் இறங்கும்போது விமானம் வேலியைத் தாண்டி விழுந்து கவிழ்ந்தது. அதற்கு மேல் ஆஸ்திரேலியாவில் அவரை அவராகப் பறக்கவிடவில்லை, மற்ற விமானங்களில் பயணியாக ஏற்றிப்போனார்கள். பின்னாளில் ஜப்பானுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பறந்து வேகச் சாதனைகளையும் படைத்தார். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளிலிருந்து விமானப்படைத் தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பணியில் இருந்தார். 1941 ஜனவரி 5 அன்று மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் நதி கடலில் சேரும் இடத்தில் பாராசூட்டில் குதித்தார். கப்பல் ஒன்று அருகிலேயே இருந்தது. அவரைக் காப்பாற்ற உறைபனி நீரில் குதித்த அதன் தளபதி வால்டர் ஃபிளெச்சரும் உயிர் இழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37.

ஜேசன் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், மூன்றாம் தளத்து விமானக் கூடத்தில் தொங்குகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. லண்டனில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். எவ்வளவு சிறியது என்று நின்று பாருங்கள், இறக்கைத் துணியைப் பாருங்கள், அதை இன்செயினில் எதைக் கொண்டு ஒட்டுப்போட்டார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்பி வையுங்கள்.